"எப்படிக் கண்டுபிடித்தாய்?": மனக்கணக்கு வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனக்கணக்கில் ஒரு குழந்தை சொல்லும் விடையைவிட, அந்த விடைக்கு அது வந்து சேர்ந்த வழியே ஆசிரியருக்கு அதிகம் பயன்படும். அந்த வழியைச் சொல்லவைக்க முயலும்போது நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் சில தவறுகள் குழந்தைகளைப் பேசவிடாமல் செய்துவிடுகின்றன.

இவற்றுள் மிகப் பெரியது, விடை பிழையாக வரும்போது மட்டும் "எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்பதாகும். சரியான விடைக்கு "சரி, உட்கார்" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். பிழையான விடைக்கு மட்டும் நின்று விசாரிக்கிறோம். சில நாள்களிலேயே அந்தக் கேள்விக்கு 'நீ தவறு செய்துவிட்டாய்' என்பதுதான் பொருள் என்று வகுப்பு முழுவதும் புரிந்துகொள்கிறது. அதன்பின், சரியாகச் சொன்ன பிள்ளையும் கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் தன் விடையை மாற்றிக்கொள்கிறது. ஆகவே சரியான விடைகளுக்கும் இதே கேள்வியை, இதே குரலில் கேட்க வேண்டும். பிழையான விடையையும் உடனே திருத்திவிடக் கூடாது. 83-இலிருந்து 47-ஐக் கழித்து 44 என்று சொல்லும் பிள்ளை, பெரும்பாலும், 3-இல் 7 போகாது என்பதால் 7-இலிருந்து 3-ஐக் கழித்திருக்கும். "44-உடன் 47-ஐக் கூட்டினால் 83 வருகிறதா?" என்று கேட்டால், 91 வருவதைக் கண்டு அதுவே தன் வழியைத் திரும்பிப் பார்க்கும்.

அடுத்தது அவசரம். ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எடுத்துக்காட்டினார்; அதை 3 நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர். முதலில் கை தூக்குபவரையே அழைக்கும் பழக்கமும் இந்த அவசரத்தைச் சேர்ந்ததே.

கரும்பலகையில் நிகழும் தவறை நாம் கவனிப்பதே இல்லை. 48 + 27 என்ற கணக்குக்கு ஒரு சிறுமி, 50-உடன் 27-ஐக் கூட்டி 2-ஐக் குறைத்ததாகச் சொல்கிறாள். நாமோ எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மீதி 1 வைத்துக் கூட்டிக் காட்டுகிறோம். தன் வழி கணக்கில் சேராது என்றே அவள் எண்ணிக்கொள்வாள். பிரேசிலின் ரெசிஃபே நகரச் சந்தைகளில் பொருள் விற்ற பிள்ளைகளைப் பற்றி 1985-இல் வெளியான ஆய்வில், தலா 35 குருசேரோ (அன்றைய பிரேசில் நாணயம்) விலையுள்ள நான்கு தேங்காய்க்கு, மூன்றுக்கு 105, பிறகு 135, 140 என்று மனத்தில் ஏறிச் சென்று சரியாகச் சொன்ன 12 வயதுப் பிள்ளை, அதே 35 × 4-ஐத் தாளில் பள்ளி முறைப்படி செய்தபோது 200 என்று விடை கண்டது. இத்தகைய வழிகளைப் பிள்ளைகள் சொன்ன வரிசையிலேயே எழுதுவதுதான் முறை. அவ்வாறு எழுதும்போதும் 50 + 27 = 77 − 2 = 75 என்று ஒரே வரியில் தொடுத்துவிடக் கூடாது; 50 + 27 என்பது 75-க்குச் சமமன்று. இரண்டு வரிகளாக எழுதினால் போதும்.

இன்னொன்று மொழியைப் பற்றியது. "அம்பதா வச்சுக்கிட்டேன், அப்புறம் ரெண்டக் கொறச்சேன்" என்பது குறையில்லாத கணித விளக்கம். "நல்ல தமிழில் சொல்" என்று இடைமறித்தால், குழந்தையின் கவனம் எண்ணை விட்டுச் சொல்லுக்குப் போய்விடும். அது பேசி முடித்தபின், பலகையில் அந்த வரியின் அருகே 'கழித்தல்' என்று ஆசிரியரே எழுதிக்கொள்ளலாம்.