ரெசிடென்ட் ஈவில் (1996): முதன்முறை ஆடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1996 மார்ச்சில் ஜப்பானின் காப்காம் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டை இன்று புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர், கதை நடக்கும் மாளிகையின் பாதியைக்கூடப் பார்க்காமல், கையிலிருந்த தோட்டாக்கள் தீர்ந்த நிலையில் வெறுத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் நிறுத்தினேன். இதைத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு என்று எண்ணி ஆடியதே அதற்குக் காரணம் என்பது, சில மாதங்கள் கழித்து மீண்டும் பொறுமையாக ஆடியபோதுதான் புரிந்தது. ஷின்ஜி மிகாமி இயக்கிய இந்த விளையாட்டு, அதே நிறுவனம் 1989-இல் வெளியிட்ட ‘ஸ்வீட் ஹோம்’ என்னும் பேய்வீட்டு விளையாட்டை மறுபடி உருவாக்கும் எண்ணத்தில் தொடங்கப்பட்டது. ஆகவே இதன் மையத்தில் இருப்பது ஒரு வீடும் அதன் பூட்டுகளும்தான்; ஜாம்பிகள் அந்தப் பூட்டுகளுக்கு இடையில் நிற்கும் தடைகள் மட்டுமே.

எதிரே வரும் ஒவ்வொரு ஜாம்பியையும் சுட்டு வீழ்த்த முயல்வதுதான் முதல் தவறு, பெரிய தவறும்கூட. ஒன்றைக் கொன்றால் புள்ளியோ பரிசோ கிடைப்பதில்லை. செலவான தோட்டாக்கள் திரும்பி வருவதுமில்லை. ஜாம்பிகள் மெதுவாக நடப்பவை, பொதுவாகக் கதவைத் தாண்டித் தொடர்ந்து வருவதுமில்லை என்பதால், அகலமான அறையில் அவற்றைச் சுற்றி ஓடிவிடலாம். ஆட்டத்தைச் சேமிக்கும், அதாவது சேவ் செய்யும், அறைக்குப் போகும் குறுகிய நடைபாதையில் நிற்கும் ஜாம்பியையோ பத்து முறை கடக்க வேண்டியிருக்கும்; அதற்குத்தான் தோட்டா செலவழிக்க வேண்டும். விழுந்த உடலின் கீழே இரத்தம் தேங்கும்வரை அது இறந்துவிட்டதாக எண்ணி அருகே போகக் கூடாது. காவலர் குடியிருப்புக்குப் போய்விட்டு மாளிகைக்குத் திரும்பும்போது, ஜாம்பிகளைவிடப் பல மடங்கு வேகமும் வலிமையும் கொண்ட ஹன்டர்கள் அங்கே காத்திருக்கின்றன. ஷாட்கன் தோட்டாக்களை அதுவரை சேமித்து வைக்காதவர்கள் அந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். 2002-இல் வந்த மறு உருவாக்கத்தில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது: தலை சிதறாமலும் எரிக்கப்படாமலும் கிடக்கும் ஜாம்பி, பின்னர் அதிக வேகத்தோடு எழுந்து வரும். அங்கே ஒரு ஜாம்பியைக் கொல்வது என்றால், அதை எரிப்பதற்கான மண்ணெண்ணெயையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டாவது தவறு, புதிர்களை அவசரமாகத் தொட்டுப் பார்ப்பது. காகங்கள் உட்கார்ந்திருக்கும் ஓவியக்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஓவியத்துக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. பச்சிளங்குழந்தையில் தொடங்கி முதுமைவரை, மனித வாழ்க்கை செல்லும் வரிசையில் அவற்றை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால், பூட்டிய கதவைத் திறக்க உதவும் நட்சத்திரச் சின்னம் கிடைக்கும். வரிசை பிழைத்தால் காகங்கள் பாய்ந்து கொத்தும். இந்த அறையில் நுழைந்ததுமே மிரண்டு காகங்களைச் சுடுகிறவர்கள், தேவையற்ற ஒரு சண்டையைத் தாங்களே தொடங்கிவைக்கிறார்கள். உலோகக் கவசங்கள் நிற்கும் அறையிலும் இதே நியாயம்தான்: சிலைகளைத் தள்ளித் தரையிலுள்ள துவாரங்களை மூடாமல் பொத்தானை அழுத்தினால் நச்சுப்புகை கிளம்பும். இரண்டு அறைகளிலும் விளையாட்டு ஏமாற்றவில்லை. விடைக்குத் தேவையானது எல்லாம் கண்முன்னேயே இருக்கிறது, நிதானமாகச் சுற்றிப் பார்த்தால் போதும்.

வாசிப்பும் இதோடு சேர்ந்ததே. கிடைக்கும் நாட்குறிப்புகளையும் அறிக்கைகளையும் கதைக்கான அலங்காரம் என்று தள்ளிவிடுகிறவர்கள், காயம் ஆற்றும் மூலிகைகளில் எதை எதோடு கலப்பது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். சிவப்பு மூலிகை தனியாக எதற்கும் உதவாது. பச்சையோடு கலந்தால்தான் உடல்நிலை முழுமையாகத் தேறும். சிறு காயத்துக்கெல்லாம் பச்சையைத் தின்று தீர்த்துவிட்டால், பின்னால் கிடைக்கும் சிவப்பு வீணாகிவிடும்.

கையில் இருக்கும் இடத்தைப் பற்றிய அலட்சியத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் தேர்ந்தெடுத்து ஆடக்கூடிய இரண்டு பாத்திரங்களில் ஜில் வேலன்டைன் 8 பொருள்களைச் சுமக்கலாம், கிறிஸ் ரெட்ஃபீல்டு 6 மட்டுமே. ஜில்லிடம் பூட்டுத் திறக்கும் கருவி இருக்கிறது, கிறிஸ்ஸுக்கு அந்தப் பூட்டுகளுக்கும் தனிச் சாவி தேட வேண்டும். எனவே முதல் ஆட்டத்தில் ஜில்லைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. யாரைத் தேர்ந்தெடுத்தாலும், பொருள்களைப் போட்டு வைக்கும் பெட்டியை விட்டுக் கிளம்பும்போது இரண்டு இடமாவது காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முக்கியமான பொருளை எதிரே பார்த்தும் எடுக்க முடியாமல், அதே நடைபாதைகளை மறுபடி கடந்து திரும்ப வேண்டியிருக்கும். ஒரு பெட்டியில் வைத்தது மாளிகையின் எல்லாப் பெட்டிகளிலும் கிடைக்கும் என்பதால், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அலையத் தேவையில்லை. ஒரு சாவியின் வேலை முடிந்ததும், அதை எறிந்துவிடலாமா என்று விளையாட்டே கேட்கும். அப்போது தயங்க வேண்டாம்.

சேவ் செய்யத் தட்டச்சு இயந்திரமும் மை ரிப்பனும் வேண்டும்; ஒவ்வொரு முறைக்கும் ஒரு ரிப்பன் செலவாகும். அறைக்கு அறை சேவ் செய்து ரிப்பனைத் தீர்ப்பவர்களும் உண்டு, ரிப்பனை மிச்சப்படுத்துகிறேன் என்று சேவ் செய்யாமலே இரண்டு மணி நேர உழைப்பை ஒரே கடியில் இழப்பவர்களும் உண்டு. ஒரு சாவியோ சின்னமோ கிடைத்து, உடல்நிலையும் நன்றாக இருக்கும்போது சேவ் செய்வதே சரியான அளவு. எப்போதும் ஒரே இடத்தில் மேலெழுதாமல் இரண்டு, மூன்று இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும்; தோட்டாவும் மூலிகையும் இல்லாத நிலையை மேலெழுதிவிட்டால் திரும்பிப்போக வழி இருக்காது.

நகர்த்தும் முறையைக் குறை சொல்வதில் பயனில்லை. கேமரா எங்கிருந்து காட்டினாலும், மேல் பொத்தான் என்றால் பாத்திரம் தன் முகம் நோக்கிய திசையில் முன்னே நடக்கும். அரை மணி நேரத்தில் கை பழகிவிடும்.

உண்மையான நடிகர்களை வைத்துப் படம்பிடித்த தொடக்கக் காட்சியும், ஜப்பானியப் பதிப்பிலும் ஆங்கிலத்திலேயே ஒலிக்கும் செயற்கையான வசனங்களும் சிரிப்பை வரவழைக்கக் கூடியவைதான். அந்த மிகை நாடகத்தன்மை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் சிரித்துக்கொண்டே பொத்தானைத் தட்டிக் காட்சிகளைக் கடந்துவிடக் கூடாது. ஜில்லின் சக வீரர் பாரி பர்ட்டன் ஏன் தடுமாறித் தடுமாறிப் பேசுகிறார் என்பது கதையின் முக்கியமான முடிச்சு. யார் உயிரோடு வெளியேறுகிறார்கள் என்பதைப் பொறுத்து விளையாட்டின் முடிவு மாறுகிறது. இறுதிப் பகுதியான ஆய்வுக்கூடத்தில் ஜில், கிறிஸ் இருவரில் நாம் தேர்ந்தெடுக்காத கூட்டாளி அடைபட்டிருக்கும் சிறையைத் திறக்க, எம்.ஓ. டிஸ்க்குகள் என்னும் மூன்று கணினித் தகடுகள் வேண்டும். அவற்றை வழியில் தேடி எடுக்காமல் விரைந்து போனவர், பூட்டிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேசிவிட்டு, கூட்டாளியை அங்கேயே விட்டுப் புறப்பட வேண்டியதாகிவிடும்.