கல்ச்சர் ஃப்ளாஸ்க் கீழே விழுந்து உடைந்தால் என்ன செய்வது?

பிஎஸ்எல்-2 (நோய் உண்டாக்கும் கிருமிகளைக் கையாளும் பாதுகாப்பு நிலை 2) ஆய்வகம். ஷேக்கரிலிருந்து (குலுக்கும் கருவியிலிருந்து) எடுத்த ஃப்ளாஸ்க் கைநழுவித் தரையில் விழுகிறது. உள்ளே 100 மி.லி. சால்மோனெல்லா கல்ச்சர், அதாவது அந்தப் பாக்டீரியாவை வளர்த்த திரவம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் உடனே டிஷ்யூவை எடுத்துக்கொண்டு குனிவார்கள். அதைத்தான் செய்யக்கூடாது. தரையில் கிடப்பது எங்கும் ஓடிவிடாது. தெறித்ததில் கிளம்பிய ஏரோசால், அதாவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள், இன்னும் காற்றில் மிதந்துகொண்டிருக்கும்.

1. மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். கூட இருப்பவர்களையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தி, "கல்ச்சர் கொட்டியிருக்கிறது, உள்ளே வராதீர்கள்" என்று நேரத்தோடு எழுதி ஒட்டிவிட்டு, கைடுக்கு (ஆய்வு வழிகாட்டிக்கு) போன் போடுங்கள். திட்டு விழுமே என்று மறைத்தால், விஷயம் தெரியாமல் உள்ளே போகிறவர் மாட்டிக்கொள்வார்.

2. உங்கள் மேல் தெறித்திருக்கிறதா? லேப் கோட்டை நனைந்த பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கழற்றி, ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) பையில் போடுங்கள். தோலை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் ஐவாஷில் (கண் கழுவும் குழாயில்) 15 நிமிடம் கழுவ வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டு உங்களைக் கீறியிருந்தால் சுத்தம் செய்யும் வேலையை வேறொருவரிடம் விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

3. நுண்துளிகள் படிய 30 நிமிடம் விடுங்கள். அதற்குள் ப்ளீச் கலக்கலாம். ப்ளீச்சில் கிருமியைக் கொல்வது சோடியம் ஹைப்போகுளோரைட்; நமக்கு வேண்டியது அதன் 0.5% கரைசல். பாட்டிலில் 5% என்றிருந்தால் 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். 10% என்றால் 1 பங்குக்கு 19. கலக்கி வைத்தது நாளாக ஆக வீரியம் இழக்கும். போன வாரம் யாரோ கலந்து வைத்த பாட்டிலை நம்பவே நம்பாதீர்கள். ஆசிட், அம்மோனியா எதையும் இதோடு சேர்க்கக்கூடாது. 70% ஆல்கஹால் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் இந்த வேலைக்கு உதவாது.

4. புது கோட், இரட்டை கிளவுஸ், என்95 மாஸ்க், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஷூ கவர் போட்டுக்கொண்டு உள்ளே போங்கள். கொட்டியதன் மேல் பேப்பர் டவலை விரியுங்கள். ப்ளீச்சை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஊற்றுங்கள். நடுவில் தொடங்கினால் கல்ச்சர் வெளியே பரவும்; உயரத்திலிருந்து ஊற்றினால் மறுபடி தெறிக்கும்.

5. 20 முதல் 30 நிமிடம் ஊறட்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள்.

6. உடைந்த கண்ணாடியை ஃபோர்செப்ஸால் (இடுக்கியால்) மட்டும் எடுங்கள்; எத்தனை கிளவுஸ் போட்டிருந்தாலும் கையால் வேண்டாம். அது நீலக் குறியிட்ட, துளைபடாத பெட்டிக்குப் போக வேண்டும். ஊறிய பேப்பர் மஞ்சள் பைக்கு. ப்ளீச் பட்ட எதையும் ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

7. புது ப்ளீச்சால் ஒருமுறை, பிறகு தண்ணீரால் துடையுங்கள். கிளவுஸைக் கழற்றி, கை கழுவி, பதிவேட்டில் எழுதுங்கள்.

பயோசேஃப்டி கேபினெட்டுக்குள் (காற்றை உள்ளிழுத்து வடிகட்டும், கிருமி வேலைக்கான பெட்டிக்குள்) கொட்டினால் ஓடத் தேவையில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருக்கட்டும். நுண்துளிகளை வெளியே விடாமல் இழுத்துக்கொள்வது அந்தக் காற்றோட்டம்தான். ப்ளீச், ஊறும் நேரம் எல்லாம் மேலே சொன்னபடியே. வேலைத்தட்டுக்கு அடியிலுள்ள தொட்டியிலும் வழிந்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். பலரும் அதை மறந்துவிடுகிறார்கள்.