ஜெயில்ல நம்ம வீட்டுப் பொண்ணுக்கு பாலியல் கொடுமை நடந்தா இந்தத் தப்புகள பண்ணிராதீங்க

தொண்டி, பாம்பன் பக்கமிருந்து ஒரு பொண்ணு உள்ள போனா ஜெயில் மதுரைலயோ திருச்சிலயோ இருக்கும், பஸ் ஏறிப் போய் மனு போட்டுப் பாத்தாலும் பக்கத்துலயே காவலர் நிப்பாங்க. அதனால "மதினி, இங்க வேணாம், வேற எங்கயாச்சும் மாத்தச் சொல்லுங்க"ன்னு மட்டும் அவ சொல்லிட்டு தலையக் குனிஞ்சா அத லேசா விட்ராதீங்க.

பெரிய தப்பு, ஜெயில் அதிகாரிகிட்ட மட்டும் புகார் குடுத்துட்டு காத்திருக்கது. ராத்திரி அவளப் பூட்டுறதும் அதே ஆளுகதான! அன்னைக்கே விஷயத்த ஜெயிலுக்கு வெளிய கொண்டு வாங்க. ராமநாதபுரம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுல இலவசமா வக்கீல் தருவாங்க, 15100க்கு போன் போட்டாலும் போதும். சம்பவம் எந்த ஊர்ல நடந்திருந்தாலும் நம்மூர் மகளிர் ஸ்டேஷன்லயே ஜீரோ எஃப்ஐஆர் போடச் சொல்லலாம், எல்லை இல்லன்னு திருப்பி அனுப்பக்கூடாது. டெல்லி திகார் ஜெயில்ல ஒரு கைதி, சக கைதிய வார்டர் (ஜெயில் காவலர்) சித்ரவதை பண்ணதப் பத்தி எழுதுன லெட்டரையே சுப்ரீம் கோர்ட் மனுவா எடுத்து 1979ல தீர்ப்பு சொல்லிருக்கு.

அடுத்து, காவல் நீட்டிப்பு வீடியோல நடக்கப்போ ஜட்ஜ் "எதும் புகார் இருக்கா"ன்னு கேப்பாரு, கேமராவுக்குப் பின்னாடி ஜெயில் ஆளு நிக்கும்போது அவ இல்லன்னுதான் சொல்லுவா. அத நம்பிராதீங்க, வக்கீல விட்டு நேர்ல ஆஜர்படுத்த மனு போடுங்க.

அந்த ஜெயில் ஆளு போன் பேச விட்டான், சோப்பு குடுத்தான், அதுக்கு அவளே ஒத்துக்கிட்டான்னு யாராச்சும் சொன்னா நீங்க வாயடைச்சுப் போகாதீங்க. அதிகாரத்த வச்சு இணங்க வச்சாலே பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றச் சட்டம்) 68வது பிரிவுல 5லருந்து 10 வருசம், வன்புணர்வுன்னா 64(2)ல கொறஞ்சது 10 வருசம். பொம்பளை வார்டர்தானன்னும் விடாதீங்க, அவமானப்படுத்த பலவந்தமா துணிய உருவுனா யாரா இருந்தாலும் குத்தம்தான்.

உடுத்தியிருந்த துணிய துவைக்க வேணாம்னு சொல்லுங்க, பிளாஸ்டிக் கவர் இல்லாம பேப்பர்ல மடிச்சு வைக்கணும். ஜெயில் டாக்டர் சீட்டோட நிக்காம அரசு ஆஸ்பத்திரில பரிசோதனை கேளுங்க, வன்புணர்வு புகார்னா தகவல் கிடைச்ச 24 மணி நேரத்துக்குள்ள, அவ சம்மதத்தோட அனுப்பணும். நாளாகிப் போனாலும் புகார் செல்லும்.

ஆத்திரத்துல வாட்ஸ்அப்ல அவ பேரு, போட்டோ போட்ராதீங்க, அது தனி குத்தம்.

புகார் குடுத்தப்புறம்தான் உள்ள மிரட்டல் ஜாஸ்தியாகும். வேற ஜெயிலுக்கு மாத்தவும் அந்த ஆள அவ பக்கம் டியூட்டி போடாம இருக்கவும் கோர்ட்ல கேளுங்க, மனு பாக்கப் போறத மட்டும் நிறுத்திராதீங்க.