பரிணாமக் கோட்பாட்டை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரிணாமத்தைப் பற்றி எழுதுவோர் பலர் தம்மை அறியாமல் செய்யும் பிழை, மாற்றம் தனி உயிருக்குள் அதன் தேவைக்கேற்ப நிகழ்வதாகக் காட்டிவிடுவது. ஆண்டிபயாட்டிக் மருந்துகளுக்குப் பாக்டீரியாக்கள் பழகிக்கொண்டன என்று எழுதும்போது இந்தப் பிழைதான் உள்ளே நுழைகிறது. எந்த பாக்டீரியாவும் மருந்தைக் கண்டு தன்னைத் திருத்திக்கொள்வதில்லை. மரபுப்பொருள் படியெடுக்கப்படும்போது நேரும் பிழைகளால், பெருங்கூட்டத்தில் ஒரு சிலவற்றிடம் மருந்தைத் தாங்கும் தன்மை முன்பே இருக்கக்கூடும். மருந்து மற்றவற்றை அழிக்க, எஞ்சியவை பெருகுகின்றன. மருந்தையே சந்திக்காத பாக்டீரியாக்களிடமும் எதிர்ப்புத் தன்மை இருந்ததை மரபியலாளர்களான ஜோஷுவா, எஸ்தர் லெடர்பர்க் இணையர் 1952-இல் சோதனை மூலம் காட்டினர். ஆகவே மாறுவது கூட்டத்தின் சேர்க்கை விகிதம். அதுவும் தலைமுறைகளின் வழியே.

இந்தத் தேவைக் கருத்தைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க்கின் தலையில் கட்டி, அவரை நகைப்புக்குரியவராகவும் டார்வினை அவரை வீழ்த்தியவராகவும் சித்திரிப்பது அடுத்த பிழை. உயிரினங்கள் மாறாதவை என்று பெரும்பாலோர் நம்பிய காலத்தில், அவை இயற்கையான காரணங்களால் மாறிவந்தன என்று 1809-இலேயே ஒரு முழுமையான கோட்பாட்டை முன்வைத்தவர் லாமார்க். உறுப்புகளைப் பயன்படுத்துவதாலும் பயன்படுத்தாமையாலும் வரும் மாற்றங்கள் சந்ததிக்குச் செல்லும் என்பது அவர் காலத்தில் பலரும் ஏற்றிருந்த கருத்தே. டார்வினும் அதை முற்றிலும் கைவிடவில்லை. உடலின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் நுண்துகள்கள் திரண்டு இனப்பெருக்க உறுப்புகளைச் சேர்கின்றன என்று 1868-இல் அவரே ஒரு கருதுகோளை வெளியிட்டார். பிற்பாடு இந்தக் கருத்தைச் சோதிக்க ஜெர்மானிய உயிரியலாளர் வீஸ்மன் எலிகளின் வாலைத் தலைமுறை தலைமுறையாக வெட்டியும் குட்டிகள் முழு வாலுடனேயே பிறந்தன. அந்தச் சோதனை லாமார்க்குக்கு முழு நியாயம் செய்ததாகச் சொல்ல முடியாது. அவர் பேசியது உயிரின் சொந்தப் பழக்கத்தால் விளையும் மாற்றத்தைப் பற்றி, வெளியிலிருந்து ஏற்படுத்தப்பட்ட காயத்தைப் பற்றி அன்று.

டார்வின் மரபணுக்களைக் கொண்டு இயற்கைத் தேர்வை, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை எஞ்சிப் பெருகுவதை, விளக்கினார் என்று எழுதுவதும் இதே அறியாமையின் இன்னொரு முகம். மரபணுக் கருத்துக்கு அடித்தளமிட்ட மெண்டலின் பட்டாணி ஆய்வு 1866-இல் அச்சானாலும், அதன் முக்கியத்துவம் உணரப்பட்டது 1900-இல்தான். பெற்றோரின் பண்புகள் கலந்துவிடும் என்றால் புதிய நற்பண்பு ஒன்று சில தலைமுறைகளில் நீர்த்துப்போய்விடாதா என்று 1867-இல் பொறியியலாளர் ஃப்ளீமிங் ஜென்கின் எழுப்பிய கேள்விக்கு டார்வினிடம் நிறைவான பதில் இருக்கவில்லை.

கலாபகோஸ் தீவுகளில் குருவிகளின் அலகைக் கண்டதும் டார்வினுக்கு உண்மை பளிச்சிட்டது என்ற கதையையும் விட்டுவிட வேண்டும். 1835-இல் அங்கே அவர் சேகரித்த ஃபிஞ்ச் குருவிகளில் பலவற்றுக்கு, எந்தத் தீவைச் சேர்ந்தவை என்ற குறிப்பைக்கூட அவர் எழுதிவைக்கவில்லை. அவை தனித்தனி இனங்கள் என்பதை 1837-இல் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் சுட்டிக்காட்டிய பின்னரே, கப்பலில் உடன் வந்த பிறரின் சேகரிப்புகளைக் கொண்டு அவர் அந்த விவரங்களை ஈடுசெய்ய முயன்றார். மக்கள்தொகை பற்றிய மால்தஸின் நூலை 1838-இல் படித்தபோதுதான் தேர்வு என்ற கருத்து அவருக்கு உருப்பெற்றது. அதே கருத்தைத் தாமாகவே எட்டிய இயற்கையியலாளர் வாலஸின் கட்டுரையும் டார்வினின் எழுத்துகளும் 1858 ஜூலை 1 அன்று லண்டனின் லின்னியன் அறிவியல் சங்கத்தில் ஒன்றாகவே வாசிக்கப்பட்டன. வாலஸை அடிக்குறிப்பாகச் சுருக்குவது முறையன்று.

தகுதியுள்ளது பிழைக்கும் என்ற தொடர் 1864-இல் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கியது. டார்வின் அதைத் தமது ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் 1869-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்துக்கொண்டார். அங்கே தகுதி என்பது உடல் வலிமையை அன்று, வளர்ந்து மேலும் இனம் பெருக்கக்கூடிய சந்ததியை எவ்வளவு விட்டுச்செல்ல முடிகிறது என்பதைக் குறிக்கிறது. வலுவான ஆனால் மலடான விலங்குக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்ற வாக்கியத்தில், இன்றைய சிம்பன்சியை நம் பாட்டனாக்கும் தவறு ஒளிந்திருக்கிறது. இரு கிளைகளும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிலிருந்து பிரிந்தவை. அது முதல் நம் கிளை எவ்வளவு காலம் மாறிவந்ததோ, சிம்பன்சியின் கிளையும் அவ்வளவு காலம் மாறியே வந்திருக்கிறது.