60,000 யூனிட் வைட்டமின் டி: எண்ணிச் சாப்பிட வேண்டிய மருந்து

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்தால், நம் ஊர் மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது 60,000 யூனிட் மாத்திரை அல்லது பொடிப் பொட்டலம். வாரத்துக்கு ஒன்றாக எட்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. அந்த 'வாரத்துக்கு' என்ற சொல்லைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். என் பெரியம்மா நான்கு மாத்திரை அட்டையை நான்கே நாளில் தீர்த்துவிட்டு அடுத்த அட்டைக்குப் போனபோது, "இப்பத்தானே வாங்கினீங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்ட பிறகே விஷயம் தெரிந்தது. ஆகவே, ஒரு கிழமையை முடிவு செய்து, தினசரி காலண்டரில் எட்டுத் தாள்களிலும் முன்கூட்டியே குறியிட்டுவிடுங்கள்.

இது கொழுப்பில் கரையும் சத்து என்பதால், வெறும் வயிற்றில் அல்லாமல், எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்வது நல்லது. கால்சியம் உணவில் இல்லையென்றால் வைட்டமின் டி மட்டும் எலும்பைக் கட்டிவிடாது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை, 100 கிராம் கேழ்வரகில் அதில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கும்.

எட்டு முடிந்ததும், மருத்துவர் சொல்லாமல் ஒன்பதாவதை வாங்காதீர்கள். கனடாவின் கால்கரியில் 55 முதல் 70 வயது வரையிலான 311 பேருக்கு மூன்று ஆண்டுகள் தினமும் 400, 4,000, 10,000 யூனிட் என்று பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது, அதிகம் எடுத்தவர்களுக்கே முன்கை எலும்பின் அடர்த்தி கூடுதலாகக் குறைந்திருந்தது; 2019இல் வெளியான முடிவு இது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் வாங்கிய மூதாட்டிகள் மற்றவர்களைவிட அதிகம் விழுந்தார்கள், அதிக எலும்புகளை முறித்துக்கொண்டார்கள். இவர்களில் பெரும்பாலோர் கடும் குறைபாடு உள்ளவர்கள் அல்லர் என்பதால், குறைபாட்டுக்கான எட்டு வாரச் சிகிச்சையைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. எலும்பு இன்னும் வலுக்கட்டும் என்று தொடர்வதுதான் தவறு.

சிறுநீரகக் கல், காசநோய் இருப்பவர்களும், டிகாக்சின் என்ற இதய மருந்தோ தயசைடு வகை ரத்த அழுத்த மாத்திரையோ சாப்பிடுபவர்களும் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். இடையில் ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், குமட்டல், மலச்சிக்கல், மனக்குழப்பம் தோன்றினால் மருந்தை நிறுத்திவிட்டு, ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லுங்கள்.