சீட்டுக்கு அடியில் சப்வூஃபர்: முதலில் அளவு டேப்பை எடுங்கள்

சப்வூஃபர் என்பது தாழ்ந்த, அதிரும் ஒலிகளுக்கான ஸ்பீக்கர். டிக்கியில் அதன் பெரிய பெட்டியை வைத்துவிட்டால், ஊருக்குப் போகும்போது சூட்கேஸை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சிறிய காருக்கு, ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே அடங்கிய 8 அங்குலத் தட்டை சப்வூஃபர் போதும் என்பது என் கட்சி.

வாங்கும் முன் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, மிகக் குறைவான இடைவெளி எங்கே என்று அளந்துகொள்ளுங்கள். நான் அளக்காமல் வாங்கினேன். பின்சீட்டுக்குக் காற்று கொண்டுபோகும் ஏசி குழாய் குறுக்கே நின்றது. பெட்டி இரண்டு வாரம் அலமாரியில் கிடந்தது.

அட்டையில் கொட்டை எழுத்தில் ‘600 வாட்’ என்று இருந்தால் மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் கண நேர உச்சம். பொடி எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ் எண்தான், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்திதான், கணக்கு. சந்தேகமாக இருந்தால் சப்வூஃபரில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள்: ஓடும் காரில் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். 15 ஆம்பியர் ஃப்யூஸ் என்றால் உள்ளே போவதே ஏறக்குறைய 210 வாட். 600 வாட் தொடர்ந்து எப்படி வெளியே வரும்?

மின்கம்பியை பேட்டரியிலிருந்தே நேராக இழுக்கச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் அந்தக் கம்பியில் தனி ஃப்யூஸ் கட்டாயம். எந்த அளவுக்குக் கீழான ஒலி மட்டும் சப்வூஃபரில் வர வேண்டும் என்று தீர்மானிக்கும் லோ பாஸ் திருகை 80 ஹெர்ட்ஸில் வைத்துத் தொடங்கி, தவில் சத்தம் காலடியிலிருந்து வராமல் முன்னாலிருந்து வருவதுபோல் கேட்கும்வரை மெல்லத் திருப்புங்கள்.