பாட்டிலை அப்படியே பாக்டீரியாவிடம் கொடுக்காதீர்கள்

பிளாஸ்டிக் கழிவிலிருந்து பயோசர்ஃபாக்டன்ட், அதாவது சோப்பைப் போல அழுக்கையும் எண்ணெயையும் பிரித்தெடுக்கும் உயிரிப்பொருள், தயாரிக்கலாம் என்று கேட்டதும் பலருக்கும் தோன்றுவது இதுதான்: தண்ணீர் பாட்டிலை நறுக்கிக் குடுவையில் போடு, மரபணு மாற்றிய பாக்டீரியாவை ஊற்று, காத்திரு. வாரக்கணக்கில் காத்திருந்தாலும் துண்டுகள் அடியில் அப்படியே கிடக்கும்.

2016-ல் ஜப்பானின் சகாய் நகரில் கண்டறிந்த இடியோனெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா, தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைத் தின்றது உண்மை. ஆனால் அதற்குக் கொடுத்தது மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் கிடந்த மெல்லிய படலம். அதற்கே சுமார் ஆறு வாரம் ஆனது. பாட்டிலோ இழுத்து ஊதிச் செய்தது. மூலக்கூறுகள் வரிசைகட்டி இறுகியிருக்கும், நொதி உள்ளே நுழையவே இடமிருக்காது. அதனால் முதலில் உருக்கிச் சட்டெனக் குளிரவைத்து, பொடியாக்கிக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். 2020-ல் பிரான்ஸின் கார்பியோஸ் நிறுவனக் குழு நொதியைக் கொண்டு 10 மணி நேரத்தில் பெட்டில் 90 சதவீதத்தை உடைத்துக் காட்டியது 72 டிகிரி செல்சியஸில். ஆனால் பொருளைச் சுரக்க வைக்கப் பலரும் எடுக்கும் பாக்டீரியாவான சூடோமோனாஸ் புடிடா வளர்வது 30 டிகிரி அளவில். நொதி வேலை தனி, பாக்டீரியா வேலை தனி. பெட் உடையும்போது அதன் கட்டுமானப் பொருளான டெரிப்தாலிக் அமிலம் வெளிவரும், அதைச் சமன்செய்யக் காஸ்டிக் சோடா சேர்ப்போம், உப்பு ஏறும். கடையில் வாங்கிய சுத்தமான அமிலத்தில் செழித்த பாக்டீரியா இந்த உப்புக் கரைசலில் சுணங்கிவிடலாம். சோதனையை நிஜக் கரைசலிலேயே செய்யுங்கள். பலர் நம்பிக்கையோடு எடுக்கும் புடிடா கேடி2440 ரகத்துக்கு டெரிப்தாலிக் அமிலத்தை உண்ணவே தெரியாது. அதற்கான மரபணுக்களைச் சேர்க்க வேண்டும். 2021-ல் ஜெர்மனியின் ஆகன் ஆய்வாளர்கள் இருந்த குழு, அந்த அமிலத்தை இயல்பாகவே உண்ணும் சூடோமோனாஸ் உம்சோஞ்ஜென்சிஸைத் தேர்ந்தெடுத்து, பெட்டிலிருந்து பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருளைச் சுரக்கவைத்தது. ராம்னோலிப்பிட் என்ற பயோசர்ஃபாக்டன்ட்டை இயற்கையாகவே அள்ளித் தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசா நோய்க்கிருமி என்பதையும் மறக்க வேண்டாம்.

நுரை வந்ததும் வெற்றி என்று துள்ளுவதும் நடக்கும். புரதமும் நுரைக்கும், பரப்பு இழுவிசையையும் கொஞ்சம் குறைக்கும். செல்லை நீக்கி, பொருளைப் பிரித்தெடுத்து, கலவையில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராஃபியில் பாருங்கள். வளர்ப்பூடகத்தில் யீஸ்ட் சாறு சேர்த்திருந்தால், கிடைத்த பொருள் பிளாஸ்டிக்கிலிருந்து வந்ததா யீஸ்ட்டிலிருந்து வந்ததா? பிளாஸ்டிக் சேர்க்காத ஒரு குடுவையையும் பக்கத்திலேயே ஓட்டினால்தான் தெரியும்.

நிஜமாகவே பயோசர்ஃபாக்டன்ட் சுரக்கத் தொடங்கினால் பாக்டீரியா வளர்க்கும் பெரிய கலனான ஃபெர்மென்டரில் நுரை, அடுப்பில் பால் பொங்குவது போலக் கிடுகிடுவென ஏறும். காற்றைச் செலுத்தியே ஆக வேண்டும் என்பதால் நிற்கவும் நிற்காது. காற்று வெளியேறும் வடிகட்டி நனைந்து அடைத்துக்கொள்ளும், நீங்கள் தேடிய பொருளும் அதோடு வெளியே போய்விடும். அவசரத்துக்குத் தாவர எண்ணெய் ஊற்றி நுரையை அடக்கினால், பாக்டீரியா அதையே தின்று பொருளைச் சுரக்கலாம். கணக்கு மொத்தமும் பொய்யாகிவிடும். இதைவிட, நுரையைக் குழாய் வழியே இன்னொரு கலனுக்கு இறக்கி அங்கே அடங்கவிடுவது நல்லது. பொருள் செறிந்திருப்பதே அந்த நுரையில்தான்.